தூங்க விடாத அம்மா

பஸ் ஜன்னலில் தலை சாய்ந்த மறுநொடியே மகளின் காதைத் திருகினாள் அம்மா.

"கண்ணைத் திற. ஏழு நாலு எவ்வளவு?"

குழந்தைக்கு எட்டு வயதுதான். சொக்கிய கண்ணைத் திறந்து, "இருபத்து..." என்று இழுத்துவிட்டு மறுபடி சரிந்தது. அம்மா கைக்குட்டையைத் தண்ணீரில் நனைத்து முகத்தில் தேய்த்தாள். குழந்தை சிணுங்கியது.

எதிர் சீட்டில் டிபன் பையோடு உட்கார்ந்திருந்த கண்ணாடிக்காரிக்குப் பொறுக்கவில்லை.

"ஏம்மா, காலங்கார்த்தால வாய்ப்பாடா? தூங்குற பிள்ளைய எழுப்பி மார்க் வாங்கி எந்தக் கோட்டையைப் பிடிக்கப் போற? பெத்தவதானே நீ?"

பாதி பஸ் திரும்பிப் பார்த்தது. அம்மா வாயைத் திறக்கவில்லை. முன்பு ஒரு தடவை, குழந்தைக்கு வலிப்பு என்று சொல்லித் தொலைத்தாள். பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

மார்க் யாருக்கு வேண்டும்? போன வருஷம்வரை மகளுக்கு வீட்டில் பெயரே வாயாடி. பதினாறாம் வாய்ப்பாட்டைத் தலைகீழாக ஒப்பிப்பாள், நடுவில் நாலு கேள்வி வேறு கேட்பாள். தூக்கத்தில் வாய் கோணிக் கை வெட்டி இழுக்க ஆரம்பித்த பிறகு, அந்த வாயாடி கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போய்விட்டாள். நேற்றுச் சொல்லிக் கொடுத்தது இன்று நினைவில் இல்லை. பகலில் படிப்பதைத் தூக்கத்தில் வரும் வலிப்பு தங்க விடுவதில்லை என்றார் டாக்டர். தூங்கும்போது மூளையைப் பதிவு செய்து பார்த்தால்தான் சரியான மருந்து தர முடியுமாம்.

மருந்து பலித்தால் வாயாடி திரும்பி வரலாம். அம்மாவுக்கு இப்போது வேறு ஆசையே கிடையாது. அதற்காகத்தான் ஜெராக்ஸ் கடைக்கு லீவு சொல்லிவிட்டுக் கிளம்பியிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் பதிவு அறைக் கதவைத் தள்ளியபோது, கட்டில் பக்கத்தில் ஒயர்களைப் பிரித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். வெள்ளைக் கோட்டுக்கு மேலே அதே கண்ணாடி.

அம்மா, டாக்டர் தந்திருந்த சீட்டை நீட்டினாள்.

'பதிவின்போது குழந்தை தானாகத் தூங்க வேண்டும்; அதனால் காலை நாலு மணிக்கே எழுப்பவும். இங்கு வந்து சேரும்வரை, வண்டியில்கூட, ஒரு நிமிடமும் தூங்க விடக் கூடாது.'

கடைசி வரிக்குக் கீழே அழுத்தமாக ஒரு கோடு. டாக்டர் மேஜைக்குக் கண்ணாடிக்காரி பத்து வருஷமாகக் கட்டுக் கட்டாக எழுதி அனுப்பும் சீட்டு அது. அந்த வரிக்கு ஒரு தாய் என்ன பாடுபடுவாள் என்று அவள் கண்ணால் பார்த்தது இன்றைக்குத்தான்.

கண்ணாடிக்காரி குழந்தையின் தலையில் ஒயர்களை ஒட்டினாள். கடைசி ஒயர் ஒட்டும்போது குழந்தையின் கண் தானாக மூடியது.

"அம்மா... இருபத்தெட்டு" என்று முணுமுணுத்துவிட்டுத் தூங்கிப்போனது.

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"நீ தூங்கி எத்தனை நாளாச்சு?" என்றாள் கண்ணாடிக்காரி.

"எட்டு மாசம் இருக்கும்க்கா. எப்ப வலிப்பு வருமோன்னு பார்த்துக்கிட்டே இருப்பேன்."

கண்ணாடிக்காரி தன் நாற்காலியைக் கட்டிலோரம் இழுத்துப் போட்டு அவளை உட்கார வைத்தாள்.

"பெத்தவளாச்சே. கொஞ்ச நேரம் கண்ணை மூடும்மா, நான் முழிச்சிருக்கேன்."