ஆகஸ்ட்டில் கம்பளிக் காலுறை

மேல்மாடிப் பெரியவர் இவாகிரியை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது ஒரு ஆகஸ்ட் மதியம், எதிர்வீட்டு ஹிதாகா அம்மாவின் வாசலில். அங்கிருந்த செருப்பு அலமாரியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, அதன் கீழ்த்தட்டிலிருந்து எடுத்த சாம்பல் நிறத் தடித்த கம்பளிக் காலுறையை மாட்டிக்கொண்டிருந்தார்.

வெளியே முப்பத்தொன்பது டிகிரி. அவர் நெற்றியிலிருந்து வியர்வை சொட்டியது.

"இந்த வெயில்ல எதுக்குங்க கம்பளி?" என்று கேட்டேன்.

"கிழட்டுக் கால். பார்க்கச் சகிக்காது. ஒரு பொம்பளை வீட்டுக்குப் போறேன் இல்லையா?"

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அந்தக் கோடை முழுக்க அப்படித்தான். மதியமானால், ஜப்பானில் வெயிலுக்குப் பேர்போன எங்கள் குமகாயா நகராட்சியின் ஒலிபெருக்கி வெயில் எச்சரிக்கை சொல்லும். வெளியே போகாதீர்கள், ஏசியைப் போடுங்கள், தண்ணீர் குடியுங்கள். அது ஓய்வதற்குள் இவாகிரி மேலிருந்து படியிறங்கி வந்து ஹிதாகா அம்மாவின் மணியை அழுத்துவார். தன் வீட்டு ஏசி பழுது என்பார். சாயங்காலம் வரை நகர மாட்டார். குளிர்ந்த பார்லி தேநீர் வரும், தர்பூசணி வரும். போதாதென்று, இன்னும் ஒரு டிகிரி குறைக்கச் சொல்லும் அவர் குரல் என் வீடு வரை கேட்கும்.

எங்கள் குடியிருப்புச் சங்கத் தலைவி நாகமினேவுக்கு இது பொறுக்கவில்லை. குப்பை வைக்கும் இடத்தில் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்வார்.

"ஒரு கோடை முழுக்கவா ஒரு மெஷின் ரிப்பேராக் கிடக்கும்? கரண்டை மிச்சம் பிடிக்கிறார் மனுஷன். அந்தம்மாவுக்குப் போங்கன்னு சொல்லத் தெரியாது."

உண்மைதான், தெரியாது. விருந்தாளியை வாசல் பக்கம் உட்கார வைத்தால் எங்கள் வழக்கத்தில் மரியாதைக் குறைவு. உள்ளே, பூச்சாடி வைத்த மாடத்துக்கு முன்னால்தான் அவருக்கு இடம். ஹிதாகா அம்மாவின் வீட்டில் அந்த இடத்துக்கு நேர் மேலேதான் ஏசி. காற்று முழுவதும் இவாகிரிக்கு.

அது மகன் வாங்கி மாட்டிவிட்டுப் போன ஏசி. ஆள் வந்தால்தான் போடுவார் ஹிதாகா அம்மா. தனியாக இருக்கும்போது தொட மாட்டார். ஒருத்திக்காக ஒரு மெஷினா என்பார். ஒலிபெருக்கியில் சொல்கிறார்களே என்று ஒருநாள் கேட்டேன்.

"அது வயசானவங்களுக்குச் சொல்றது" என்றார். அவருக்கு அப்போது எண்பத்தொன்பது.

எங்கள் பக்கம் தொண்ணூறு வயது என்பது பெரிய செய்தி இல்லை. ஆனால் கோடை முன்பு போல இல்லை. அந்த வயதில் உடம்புக்குச் சூடும் உறைப்பதில்லை, தாகமும் எடுப்பதில்லை. முந்தின வருஷம் பின்கட்டடத்தில் ஒரு வயதான தம்பதி வெப்பத்தில் இறந்துகிடந்தார்கள். சுவரில் ஏசி நல்ல நிலையில்தான் இருந்தது. போடவில்லை, அவ்வளவுதான்.

நான் வாசலில் பார்த்துப் பேசியதற்கு மறுநாள் காலை இவாகிரி எழுந்திருக்கவில்லை. தூக்கத்திலேயே மாரடைப்பு என்றார் மருத்துவர்.

வடக்கே அசஹிகாவாவிலிருந்து அவர் மகள் சயோரி வந்தாள். சடங்குகள் முடிந்ததும் வீட்டை ஒழிக்க நானும் நாகமினேயும் உதவப் போனோம். அறை கொதித்தது. சயோரி ரிமோட்டைத் தேடி எடுத்து அழுத்தினாள். ஏசி சில்லென்று ஊதியது.

நாகமினே என் பக்கம் திரும்பினார். "நான் சொன்னேனா இல்லையா?"

சயோரி ஏசியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"புதுசு மாதிரியே இருக்கு. நான் சண்டை போட்டு வாங்கி மாட்டினது. அப்பா ஒருநாளும் போட்டிருக்க மாட்டார். முழங்கால் ஆபரேஷனுக்கு அப்புறம் குளிர்காத்து பட்டாலே அவருக்கு ராத்திரியெல்லாம் வலி. ரயில்லகூட ஏசிக்குக் கீழ உட்கார மாட்டார். ஃபேனும் ஈரத் துண்டும்தான்."

ஒரு பெட்டியைத் திறந்து கிளறினாள்.

"குளிர்காலத்துக்குன்னு நான் ஒரு காலுறை பின்னிக் கொடுத்திருந்தேன். சாம்பல் கலர். எங்கேயும் காணோமே?"

ஹிதாகா அம்மாவின் செருப்பு அலமாரியில் அதை நானும் பார்த்திருந்தேன், நாகமினேயும் பார்த்திருந்தார். நாகமினே குனிந்து அடுத்த பெட்டியைக் கட்ட ஆரம்பித்தார்.

மறுநாள் மதியம் ஒலிபெருக்கி வழக்கம்போல் சொல்லி ஓய்ந்தது. எதிர்வீட்டில் ஏசி ஓடும் சத்தம் இல்லை. என் மனைவி இருந்திருந்தால் ஏதாவது ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உடனே போயிருப்பாள். நான் என்ன சொல்லிக்கொண்டு போவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அதற்குள் ஹிதாகா அம்மாவின் மணி அடித்தது. கதவைத் திறந்து பார்த்தேன்.

நாகமினே நின்றிருந்தார்.

"ஹிதாகா அம்மா, கேக்க வெக்கமாத்தான் இருக்கு. எங்க வீட்டு ஏசி ரிப்பேராயிடுச்சு. கொஞ்ச நேரம் உட்கார்ந்துட்டுப் போகலாமா?"

மேல்மாடியில் நாகமினேவின் ஏசி உறுமுவது படிக்கட்டு வரை கேட்டது. நல்லவேளை, ஹிதாகா அம்மாவுக்குக் காது மந்தம்.

"இந்தக் கட்டடத்துல ஒருத்தர் மெஷினும் உருப்படியா ஓடாது போலிருக்கே" என்று அலுத்துக்கொண்டார். "வாங்க. அங்க இல்ல, உள்ள போய் உட்காருங்க."

சற்று நேரத்தில், இன்னும் ஒரு டிகிரி குறைக்கச் சொல்லும் நாகமினேவின் குரல் என் வீடு வரை கேட்டது.

ஆறு கோடை போய்விட்டது. ஹிதாகா அம்மாவுக்கு இப்போது தொண்ணூற்றைந்து. அவர் செருப்பு அலமாரியின் கீழ்த்தட்டில் சாம்பல் நிறக் கம்பளிக் காலுறை ஒரு ஜோடி இருக்கிறது.