சுவரில் மாட்டிய இறக்கைகள்

பறக்க மாட்டேன் என்று மனைவி புஷ்பலதாவுக்குச் சத்தியம் செய்துகொடுத்த பிறகுதான் கார்த்திகேசன், இன்சீன் ஊரிலிருந்த தன் வீட்டின் பின்கொட்டகையில் ஆள் ஏறிப் பறக்கும் பழங்கால வகை விமானம் ஒன்றைக் கட்ட ஆரம்பித்தார். அதனால் இறக்கைகளைப் பூட்டவில்லை. அவை சுவரில் தொங்கின.

நேற்று மாலை, சிலிண்டர்கள் வட்டமாக நிற்கும் எஞ்சினைச் சங்கிலிக் கப்பியில் தூக்கி மூக்கில் பொருத்தினார். எண்ணெயும் பெட்ரோலும் காலையில் ஊற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். புஷ்பலதா எஞ்சினுக்கு விபூதி பூசி, முன்சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னால் எலுமிச்சம்பழம் வைத்தாள். முதன்முதலில் எஞ்சினை ஓட்டும்போது விமானத்தை உருட்டி அவற்றை நசுக்க வேண்டும். கொட்டகையைப் பூட்டிச் சாவியை அவளே இடுப்பில் செருகிக்கொண்டாள்.

காலையில் அவளே திறந்தாள். விமானம் நின்ற இடத்திலேயே நின்றது. பழங்கள் நசுங்கிக் கிடந்தன.

"என்னங்க, ராத்திரி இதை வெளியே எடுத்தீங்களா?"

"சாவி உன்கிட்டதானே இருந்துச்சு, லதா."

அவர் எஞ்சினைத் தொட்டார். சுட்டது. கையை இழுத்துக்கொண்டு சுவரைப் பார்த்தார். இறக்கைகள் ஆணிகளில்தான் இருந்தன. மழை நின்று ஒரு மாதம் ஆகிறது; ஆனாலும் அவற்றின் துணி நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது.

புஷ்பலதா நனைந்த துணியைத் தொட்டுப் பார்த்தாள்.

"சத்தியம் பண்ணது நீங்க," என்றாள் பிறகு. "அது பண்ணலையே."

இறக்கைகளின் முன்விளிம்பு நெடுக, ஆற்றுக்கு அப்பால் த்வாண்டே வயல்களில் பறக்கும் பச்சைத் தத்துப்பூச்சிகள் ஒட்டியிருந்தன. அவற்றில் ஒன்று இன்னும் சிறகடித்தது.