அண்ணன் சார்பில்

ஒரு கன்னத்தை மழித்து முடித்து, மறு கன்னத்துக்குச் சோப்பு நுரை தடவிக்கொண்டிருந்தபோதுதான் அப்பா பேசினார்.

"பெ... ரிய... வனே."

எட்டு மாதங்களுக்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்த முதல் சொல்.

மகள் ரேசரைக் குவளைக்குள் போட்டாள். ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ் அவள். எத்தனையோ நோயாளிகளுக்கு மழித்துவிட்ட கை. எது நடந்தாலும் முதலில் கத்தியைக் கீழே வைத்துவிடுவாள்.

பக்கவாதம் வந்த அன்று அப்பாவின் வலது பக்கமும் பேச்சும் ஒன்றாகப் போயின. ஞாயிறுதோறும் சர்ச்சில் வேதபாடம் வாசித்த குரல் அது. மைக் மக்கர் செய்தால் அங்கே யாரும் பதறியதில்லை, அதான் இவர் இருக்கிறாரே என்று இருந்துவிடுவார்கள். அந்தக் குரல் திரும்ப வேண்டுமென்று சபையே முழங்கால் போட்டது. அம்மா வெள்ளிக்கிழமைதோறும் உபவாசம் இருந்தாள்.

வந்த சொல்லோ, அந்த வீட்டில் பதினெட்டு வருடமாக யாரும் சொல்லாதது.

பெரியவன் என்றால் அண்ணன். எனக்கு நம்பிக்கை இல்லை, இனிமேல் சர்ச்சுக்கு வரமாட்டேன் என்று சாப்பாட்டு மேசையில் சொன்னான். கை கழுவக்கூட விடாமல் அப்பா அவனை வெளியே தள்ளினார். நான்கு மாதம் கழித்து, வேறொரு ஊரில், ஒரு லாட்ஜ் அறையில் மஞ்சள் காமாலை முற்றிச் செத்துக் கிடந்தான். வயது இருபத்திரண்டு.

அடக்கம் முடிந்ததோடு வீட்டில் அவன் பேச்சும் முடிந்தது. அப்பா எடுக்க விடவில்லை. ஆனால் வீட்டை விட்டுப் போய்த் திரும்பி வந்த மகனைத் தகப்பன் ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளும் கெட்ட குமாரன் உவமை பாடமாக வரும் ஞாயிறுகளில் மட்டும் அவருக்குத் தவறாமல் தொண்டை கட்டிக்கொள்ளும். வேறு யாராவது வாசிப்பார்கள்.

படுத்தது முதல் அவருக்கு எல்லாமே மகள்தான். வேளை தவறாமல் மருந்து, முதுகு புண்ணாகாமல் புரட்டிப் போடுவது, துடைப்பது. ஆனால் அவர் முகத்தை நேராகப் பார்த்து அவள் ஒரு வார்த்தை பேசிப் பல வருடம் ஆகிவிட்டது. அண்ணன் விஷயத்தில் அவள் இன்னும் அப்பாவை மன்னிக்கவில்லை என்று அம்மா நினைத்திருந்தாள். அவளை வற்புறுத்தியதும் இல்லை.

சர்ச்சுக்கு வர முடியாதவருக்காகப் பத்து மணிக்குப் பாஸ்டர் திருவிருந்து அப்பமும் திராட்சரசமும் கொண்டுவருகிறார். அதற்குத்தான் இந்தச் சவரம். அடுத்த அறையில் அம்மா வெள்ளை மேசை விரிப்பை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். "மீசையில கை வெச்சிடாதடி, அப்புறம் பாஸ்டருக்கு அடையாளம் தெரியாமப் போயிடும்," என்று சற்று முன்தான் குரல் கொடுத்திருந்தாள்.

அப்பா மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். தலைக்குக் குளித்து அவள் துண்டைச் சுற்றியிருந்தாள். முடி மறைந்துவிட்டால் நெற்றியும் மூக்கும் அச்சு அசல் அண்ணன்தான். ஆள் அடையாளம் குழம்பலாம் என்று டாக்டரும் சொல்லியிருந்தார்.

நான் சின்னவப்பா என்று சொல்ல வாயெடுத்தாள்.

"மன்... னிச்..."

அதற்கு மேல் வரவில்லை. கண்ணீர்தான் வந்தது. நுரைக்குள் கோடு கிழித்துக்கொண்டு இறங்கியது.

அந்த மன்னிப்பைக் கொடுக்கத் தனக்கு என்ன பாத்தியதை இருக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவும் முடியவில்லை.

"மன்னிச்சிட்டேம்ப்பா," என்றாள், குரலைத் தாழ்த்தி, அவன் சொல்வது போல.

அப்பா ஒரு பெருமூச்சு விட்டார். தோள்கள் தளர்ந்தன. கண்ணை மூடிக்கொண்டார்.



அப்பாவுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. அம்மாவுக்கும் தெரியாது.

பெரியவன் திரும்பி வந்திருந்தான்.

சாவதற்கு மூன்று வாரம் முன்பு, ஒரு மத்தியானம். அம்மா வீட்டில் இல்லை. அப்பா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். பதினாறு வயதுக்காரி கூடத்தில் உட்கார்ந்து பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். கதவைத் தட்டும் சத்தம். "சின்னவளே, தொறடி. உடம்புக்கு முடியல."

அப்பா எழுந்தால் மறுபடியும் ரகளை. விடிந்தால் கணக்குப் பரீட்சை. கதவுக்கு இந்தப் பக்கம் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் இன்னும் இரண்டு முறை தட்டினான். பிறகு செருப்புச் சத்தம் மெதுவாகப் படியிறங்கிப் போனது.

அப்பாவின் முகத்தை அவள் பார்க்காமல் இருந்தது கோபத்தால் அல்ல.

கட்டிலோரம் மண்டியிட்டாள். அவர் காதருகே குனிந்து சொன்னாள்.

"அண்ணன் வந்தாம்ப்பா. நான்தான் தொறக்கல."

இந்த முறை அது அவளுடைய சொந்தக் குரல்.

அப்பா கண்ணைத் திறந்தார். உதடு அசைந்தது. சொல் வரவில்லை. இயங்கும் இடது கையை மெல்லத் தூக்கி அவள் தலைமேல் வைத்தார். பாஸ்டர் உள்ளே வந்து, பாதிச் சவரத்தில் இருந்த முகத்தைப் பார்த்துத் தயங்கி நின்ற பிறகும் அந்தக் கை விலகவில்லை.

மறு மாதம் அவர் இறக்கும்வரை சபை அவர் பேச்சுக்காக ஜெபித்துக்கொண்டிருந்தது. கேட்டது கிடைத்துவிட்டது என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை.

அன்று அவர் கை வைத்தது தன் எந்தப் பிள்ளையின் தலையில் என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது.