மாமனாரின் ஹிஸ்டரி

“கதவைச் சாத்திட்டு வாங்க மாப்பிள்ளை. உங்க அத்தை காதுல விழுந்தா வம்பு,” என்றார் மாமனார்.

மாப்பிள்ளை சத்தமில்லாமல் கதவைச் சாத்தினார். புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு அப்படி என்ன அவசரமோ என்று, போன் வந்த பத்தாவது நிமிடமே வந்து நின்றிருந்தார்.

“ஆபீஸ்ல ஒண்ணும் சொல்ல மாட்டாங்களே?”

“யாரு கேக்கப்போறா மாமா? நீங்க விஷயத்தைச் சொல்லுங்க.”

மாமனார் நாற்பது வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். பாதி வழியில் லிஃப்ட் நின்று உள்ளே பத்துப் பேர் அலறினாலும் டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். அப்பேர்ப்பட்ட மனுஷன் இன்று கம்ப்யூட்டர் முன்னால் திருட்டு முழி முழித்தார்.

“எதைத் திறந்தாலும் விளம்பரம் பின்னாலேயே வருது. சுத்தமா நிறுத்தணும். இதுல யாரு என்ன பார்த்தாங்கன்னு ஒரு ஈ காக்காவுக்குத் தெரியக் கூடாது.”

மாப்பிள்ளைக்கு உள்ளுக்குள் ஒரே குதூகலம். கல்யாணமான நாளிலிருந்து ஒழுக்கத்தைப் பற்றி வகுப்பெடுத்த வாய் இது. எழுபது தாண்டியபிறகு பூனை பால் சட்டியில் தலையை விட்டிருக்கிறது!

அவர் ஒன்றும் கம்ப்யூட்டர் புலி இல்லை. என்றைக்கோ பிரிண்டரில் சிக்கிய காகிதத்தை இழுத்துப் போட்டதால், குடும்பத்துக்கு அவர்தான் இன்ஜினீயர். போன வாரம் தன் லேப்டாப் ரிப்பேர் என்று மூன்று நாள் பகலில் இதே நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்ததில், அந்த மதிப்பு இன்னும் ஒரு படி ஏறியிருந்தது.

“பார்த்த பக்கங்களோட ஹிஸ்டரியை அழிச்சாப் போதாதா?” என்று கேட்டார் மாமனார்.

மாப்பிள்ளை போனில் வழிமுறையைப் படித்துக்கொண்டே தலையை ஆட்டினார். “நானும் அப்படித்தான் நினைச்சிருந்தேன் மாமா. ஆனா அது வீட்டுல இருக்கிறவங்க கண்ணைத்தான் மறைக்குமாம். ஒவ்வொரு பக்கத்துலயும் ஸ்கிரிப்ட்னு ஒண்ணு ஓடுது. நாம எதைத் தேடினோம், எங்க நின்னோம்னு வேவு பார்த்து விளம்பரக்காரன்கிட்ட போட்டுக் கொடுத்துடுது.”

“நாசமாப் போக. அதையும் நிறுத்துங்க.”

“என்ன, மாமனாரும் மாப்பிள்ளையும் கதவைச் சாத்திக்கிட்டு?” சமையலறையிலிருந்து மாமியாரின் குரல் வந்தது.

“காத்து பலமா அடிக்குது!” என்று கத்தினார் மாமனார். வெளியே ஒரு இலைகூட அசையவில்லை.

நம்மை அடையாளம் கண்டுகொள்ள ஒவ்வொரு தளமும் போட்டுவைக்கும் குக்கியெல்லாம் துடைத்தாயிற்று. வேவு பார்க்கும் தளங்களைத் தடுத்தாயிற்று. கடைசியாக ஸ்கிரிப்டுகளுக்கும் ஒரே அடியாகத் தடை போட்டதும், மாமனார் தினமும் செஸ் ஆடும் பக்கம் வெள்ளையடித்த சுவர் மாதிரி நின்றது.

“இந்த ஒண்ணுக்கு மட்டும் அனுமதி கொடுத்துடட்டுமா மாமா?”

“வேணாம். ஒரு ஓட்டையும் வேணாம்.”

மாப்பிள்ளை அசந்துபோனார். சாப்பாட்டை விட்டாலும் விடுவார், செஸ்ஸை விடமாட்டார் மாமனார். அதையே பலி கொடுக்கிறார் என்றால் விவகாரம் எவ்வளவு முற்றியிருக்க வேண்டும்!

அதற்கு மேல் அவரால் வாயைக் கட்ட முடியவில்லை. “நமக்குள்ள இருக்கட்டும் மாமா. அப்படி என்னதான் பார்த்தீங்க? நல்லா இருந்தா எனக்கும் கொஞ்சம் சொல்லுங்க.”

மாமனார் சிரிக்கவில்லை. கதவு சாத்தியிருக்கிறதா என்று இன்னொரு முறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

“நான் எங்க பார்த்தேன்? ஒரு வாரமா எதைத் திறந்தாலும் ‘வேலை போய்விட்டதா? இன்றே விண்ணப்பியுங்கள்’னு வந்து நிக்குது. இந்த வயசுல எனக்கு எவன் வேலை தரப்போறான்?”

மவுஸின் மேல் இருந்த மாப்பிள்ளையின் கை அப்படியே நின்றுவிட்டது.

“சனிக்கிழமை என் பொண்ணு வந்து இதுலதான் உட்காருவா. அதுக்குள்ள நீங்களே அவகிட்ட சொல்லிடுங்க, மாப்பிள்ளை.”