இந்த வருஷத்து உப்பு

"இப்பல்லாம் வாய் கொப்பளிக்கிறதுக்குக்கூட டாக்டரு வந்து சொல்லித் தரணும்போல. ஊரு கெட்டுப் போச்சுப்பா!" என்று முணுமுணுத்தார் ராஜாங்கம்.

மரக்காணம் சமுதாயக் கூடத்தில் பல் பரிசோதனை முகாம். புதுச்சேரியிலிருந்து வரும் டாக்டர் ரேகா, மூன்று மாதத்துக்கு முன்பு உப்பளத்துக்காரர்களுக்கு ஆளுக்கொரு பெரிய பாட்டில் கொடுத்திருந்தார். கொய்யா இலை, கிராம்பு, தேயிலை மூன்றின் சாறு. தினமும் காலையில் ஒரு மூடி கொப்பளித்தால் பற்சொத்தை பரவாமல் நிற்குமா என்று ஆராய்ச்சி. இன்று கடைசிப் பரிசோதனை.

ராஜாங்கத்துக்கு மெல்லுவதற்கென்று மிச்சமிருப்பது மேலும் கீழுமாக ஒரே ஒரு ஜோடி கடவாய்ப்பல். கீழ்ப்பல்லில் சொத்தை. இன்னும் ஆழமாகப் போயிருந்தால் பிடுங்கிவிட வேண்டும் என்று டாக்டர் அன்றைக்கே சொல்லிவிட்டார். அது போனால் நண்டும் கிடையாது, கருவாடும் கிடையாது. வெறும் கஞ்சிதான்.

"இன்னா மச்சான், பயமா இருக்குதா?" பக்கத்தில் உட்கார்ந்திருந்த பக்கிரி சீண்டினார். "மேஜை மேல குறடு வெச்சிருக்காங்க. இப்பதான் பார்த்துட்டு வர்றேன்."

"எனக்கு இன்னா பயம்? அந்த மருந்தை வாயில ஊத்தினவன் பயப்படட்டும்." ராஜாங்கம் குரலைத் தாழ்த்தினார். "நான் ஒரு சொட்டு தொடலை. தெனம் ஒரு மூடி, கொல்லையில இருக்கிற வேலிக்காத்தான் முள்ளுச்செடிக்கு ஊத்திட்டேன்."

"அடப்பாவி! அப்புறம் எதுல கொப்பளிச்ச?"

"நம்ம பாத்தி உப்புல. ராத்திரியே சொம்புல கரைச்சு வெச்சிடுவேன். இந்த வருஷத்து உப்பு இருக்குது பாரு, அதும்மாதிரி நான் பார்த்ததே இல்லை. லேசா ஒரு துவர்ப்பு, நாக்குல சுருக்குன்னு ஒரு காரம். மழை தள்ளிப் போச்சில்ல, அதுல வந்த ருசி."

"என் பாத்தி உப்புல அப்படி ஒண்ணும் காணோமே?"

"உன் மூஞ்சிக்கு ஏத்ததுதான் உன் பாத்தியில விளையும்."

எதிர் பெஞ்சில் இருந்த அவர் மனைவி பாப்பாத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இன்னாடி சிரிப்பு?"

"சிரிப்பா? பல்லு கூசுதுய்யா."

அதற்குள் டாக்டர் கூப்பிட்டுவிட்டார். நாற்காலியின் கைப்பிடியை ராஜாங்கம் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். ரேகா விளக்கை அடித்துப் பார்த்தார். கண்ணாடியை விட்டுப் பார்த்தார். பழைய படத்தை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தார்.

"ஐயா, சொத்தை நின்ன எடத்துலயே நிக்குது. ஈறும் கெட்டியாயிடுச்சு. பல்லைப் பிடுங்க வேணாம். மருந்து வேலை செஞ்சிருக்கும் போல!"

ராஜாங்கம் துள்ளி எழுந்தார். "மருந்தா? அதைக் குடிச்சது வேலிக்காத்தான்மா! என் பல்லைக் காப்பாத்தினது உப்பு. எழுதிக்க, உப்பு!"

ரேகாவின் முகம் சுருங்கிப் போனது. "அப்போ உங்களை இந்த ஆராய்ச்சியில சேர்க்க முடியாதுங்க ஐயா."

"சேர்க்க வேணாம். இலையும் தழையும் அரைச்சுக் குடுத்து ஊரை ஏமாத்தாம இருந்தா சரி." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு நடந்தார்.

"டாக்டரம்மா, கொஞ்சம் இருங்க," பாப்பாத்தி எழுந்தாள். "இந்த ஆளு அதைக் கீழே ஊத்துவார்னு எனக்கு மொத நாளே தெரியும். அதான் மருந்தை வேற பாட்டில்ல ஒளிச்சு வெச்சிட்டு, இந்தப் பாட்டில்ல டீத்தூள் தண்ணியை ஊத்தி வெச்சேன். மருந்தைத் தெனம் ஒரு மூடி அவரு உப்புச் சொம்புலதான் கலந்து வெச்சேன்."

வாசலில் ராஜாங்கம் ஒரு நொடி நின்றார். நாக்கு தானாகப் போய் அந்தக் கடவாய்ப்பல்லைத் தடவியது.

"ரெண்டும் கலந்திருந்தா, எது காப்பாத்துச்சுன்னு நான் எப்படிங்க சொல்றது?" என்று தலையில் கை வைத்தார் ரேகா.

"உப்பு!" என்று திரும்பிப் பார்க்காமல் சொல்லிவிட்டு நடந்தார் ராஜாங்கம்.