மேகம் வந்த மதியம்

நெசவாலையின் கண்ணாடிக் கூரை திடீரென்று மங்குகிறது. வெளியே பெரிய மேகம் ஒன்று சூரியத் தகடுகளை மூடிக்கொண்டு நிற்கிறது. நிலக்கரி மின்சாரத்தை விட்டுவிட்டு வெயிலையும் காற்றையும் பகிர்ந்துகொள்வோம் என்று வட்டாரத்து ஆலைகள் எல்லாம் கூடி முடிவெடுத்தபோது, முதலில் கைதூக்கியவள் இந்த ஆலையை நடத்தும் அக்கா. "மேகம் வந்தா என்ன பண்ணுவே? தறிக்குத் தாலாட்டுப் பாடுவியா?" என்று அன்றைக்குக் கேலி செய்த தம்பி, இப்போது டீசல் ஜெனரேட்டரின் சாவியில் கைவைத்தபடி அவளையே பார்க்கிறான். விளக்குகள் ஒருமுறை கண் சிமிட்டுகின்றன. தறி ஓட்டும் பெண்கள் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்கள். ஆனால் சத்தம் குறையவே இல்லை. தூரத்து மலைக் காற்றாலைகள் அனுப்பும் மின்சாரத்தில் தறிகள் தடதடவென்று ஓடிக்கொண்டே இருக்கின்றன. நீலத் துணி பளபளவென்று இறங்கிக்கொண்டே இருக்கிறது. ஒருத்தி விசிலடிக்கிறாள். கூடமே கைதட்டுகிறது. "நிக்கலடா! பாரு, ஒண்ணுகூட நிக்கல!" என்று அக்கா கத்துகிறாள். தம்பி சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்றுப்போகிறான். "சரிக்கா, மானத்த வாங்காதே. கரண்டு நிக்காதுன்னா ரெண்டாவது ஷிப்டும் ஓட்டலாம், அதுக்கு எத்தன பேர எடுக்கலாம்னு சொல்லு."