சிவப்புப் புள்ளி

படத்துக்குக் கீழே இருந்த பெயர் அட்டையில் சிவப்புப் புள்ளி. சண்முகப்பிரியா கண்ணாடியைக் கழற்றித் துப்பட்டாவில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். புள்ளி அங்கேயேதான் இருந்தது.

ஆர்.எஸ்.புரத்து ஓவியக்கூடத்தில் எட்டு ஓவியர்கள் சேர்ந்து நடத்தும் கண்காட்சி. எல்லாமே மனிதர்களை வரைந்த படங்கள். அட்டையில் சிவப்புப் புள்ளி விழுந்தால் படம் விற்றுவிட்டது என்று அர்த்தம்.

மூன்று நாளில் மற்றவர்களின் அட்டைகளில் வரிசையாகப் புள்ளி விழுந்துவிட்டது. பிரியா வைத்திருந்த ஒரே படம் மட்டும் அப்படியே கிடந்தது. இன்று ஞாயிறு, கடைசி நாள். அப்பாவுக்கு டீ வாங்கப் போன பத்து நிமிஷத்தில் இந்த அதிசயம் நடந்திருக்கிறது.

டீ டம்ளரோடு ஓடிப்போய் மேனேஜர் கிருபாவைப் பிடித்தாள். "அக்கா, என்ற படத்தை யாருங்க்கா வாங்குனது?"

கிருபா நோட்டைப் புரட்டி உதட்டைப் பிதுக்கினாள். "பேரே எழுதலையே பிரியா. நான் சாப்பிடப் போனப்ப இங்க நின்ன புள்ளைங்க ஒட்டியிருப்பாங்க. அவங்களும் இப்பச் சாப்பிடப் போயிட்டாங்க, வரட்டும் கேக்கலாம்."

பிரியாவுக்குப் பொறி தட்டியது. அந்தப் பத்து நிமிஷமும் ஹாலில் இருந்தவர் அப்பா பாலுசாமி. பெருந்துறை சிப்காட்டில் பனியன் கம்பெனி வைத்திருப்பவர்.

"சொந்தபந்தம், ஒறம்பரைன்னு இல்லாத ஒரு ஆள் உன்ற படத்தை வாங்கட்டும் கண்ணு, அப்புறம் காலத்துக்கும் நீ வரைஞ்சுக்கோ. இல்லீன்னா திங்கக்கிழமை கம்பெனிக்கு வந்து எச்.ஆர். சீட்டுல உக்காரு" என்று போன வாரம் கறாராகச் சொன்னவரும் அவர்தான். மகள் முகம் வாடினால் மட்டும் தாங்கமாட்டார்.

நேராகப் போய் நின்றாள். "அப்பா, நீங்கதான வாங்குனீங்க?"

"நானா?" பாலுசாமி படத்தை ஏறிட்டார். அதில் அதிகாலை ஷிஃப்ட் பஸ்ஸில் ஆறு பெண்கள் ஒருத்தி தோளில் ஒருத்தி சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். "என்ற பஸ்ஸு, என்ற கம்பெனிப் புள்ளைங்க. அவங்க தூங்கறத நானே வாங்கி ஆபீஸ்ல மாட்டுனா, மத்தவங்க எல்லாம் மெஷின் மேலயே படுத்துக்குவாங்க."

பிறகு குரலைத் தாழ்த்தினார். "நீயே ஒட்டிக்கிட்டியா அம்மணி? ஸ்டிக்கர் டப்பா மேசை மேலதான கெடக்குது."

"மருதமலை முருகன் சத்தியமா இல்லீங்கப்பா."

"அப்ப உம்முன்னு இருக்காம டீயைக் குடிங்க" என்று நடுவில் வந்தாள் அம்மா ராசாத்தாள். ஏ.சி. ஹாலிலும் முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி இருந்தாள். காலையில் ஒரு மணி நேரம் கண்ணாடி முன் நின்று செய்துகொண்ட அலங்காரத்தில் மல்லிகைச் சரமும் விபூதிக் கீற்றும்தான் மிச்சம். "படத்துக்கிட்ட நின்னு மூணு பேரும் ஒரு போட்டோ எடுத்துக்கலாம் வாங்க."

போட்டோவுக்கு இடம் இல்லை. படத்துக்கு முன்னால் வெள்ளைத் தாடிக்காரர் ஒருவர் இடுப்பில் கை வைத்து நின்றிருந்தார்.

"இதை வரைஞ்சது நீங்களாம்மா? எம் பேரு பிரான்சிஸ். தொண்டாமுத்தூர்ல ஹோம்ஸ்டே வெச்சிருக்கேன்." அவர் பார்வை அட்டைக்குப் போய்த் திரும்பியது. "வெள்ளிக்கிழமையே பாத்தேன். வாங்கலாமா வேண்டாமான்னு ரெண்டு மனசு. இப்ப இன்னொருத்தர் முந்திக்கிட்டாரேன்னதும் அடிச்சுக்குது."

பாலுசாமி இருவருக்கும் நடுவில் புகுந்தார். "ஏனுங்க, எம்பொண்ணை உங்களுக்கு முன்னாலயே தெரியுங்களா?"

"இப்பத்தாங்க பாக்கறேன்."

"அவ ஃப்ரெண்டுக்கு அப்பா, அந்த மாதிரி?"

"எனக்கு ரெண்டும் பசங்க. ஓசூர்ல இருக்கறாங்க." பிரான்சிஸ் பிரியாவிடம் திரும்பினார். "போனது போகட்டும்மா. எனக்கு இதே மாதிரி ரெண்டு படம் வரைஞ்சு குடுக்கோணும். எங்க தோட்டத்துல தேங்கா உரிக்கறவங்க, பாக்குச் சீவறவங்க. எப்ப வாரீங்க?"

"நீங்க சொல்ற அன்னிக்கே வாரனுங்க" என்றாள் பிரியா. கிருபா ஆர்டர் நோட்டை நீட்ட, பிரான்சிஸ் அங்கேயே கையெழுத்துப் போட்டார். பாலுசாமி அந்தக் கையெழுத்தைப் பேங்க் மேனேஜர் மாதிரி இரண்டு தடவை பார்த்தார். பிறகு ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தார்.

"சரி அம்மணி. செயிச்சுப்போட்டே. எச்.ஆர். சீட்டுக்கு வேற ஆளப் பாத்துக்கறேன். வாங்கறதுக்கு அடிதடியே நடக்குது, இனி நான் என்னத்தச் சொல்ல?"

படத்தை இன்னொரு தடவை பார்த்துவிட்டுத் தாடையைச் சொறிந்தார். "பஸ்ஸுக்கு சீட்டு மாத்தோணும். கிழிசலக்கூட விடாம வரைஞ்சிருக்கே."

படி இறங்கும்போது பிரியாவுக்குக் கால் தரையில் படவில்லை. அந்தப் புள்ளி மட்டும் விழாமல் இருந்திருந்தால் பிரான்சிஸ் இன்றும் யோசித்துக்கொண்டே போயிருப்பார். நாளை காலை அவள் எச்.ஆர். சீட்டில். படத்தை வாங்கிய அந்த முகம் தெரியாத புண்ணியவானுக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டாள்.

அம்மா அவள் கையை இடித்தாள். "கண்ணு, போற வழியில ஒரு ஃபேன்சி ஸ்டோர்ல காரை நிறுத்தச் சொல்லு."

"எதுக்கும்மா?"

"எல்லாப் படத்துக்கும் பொட்டு வெச்சிருந்தாங்க, உன்றதுக்கு மட்டும் இல்ல, அதான் என்ற நெத்தியில இருந்ததை எடுத்து ஒட்டிப்போட்டேன்."